மங்கை எதற்குச் சிரித்தாள்

வைரக்கண்ணு தன் மனைவி மங்கையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடிக்கொண்டிருந்தபோது. அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சட்டை போட்ட ஆள் ஒருவன். பக்கத்தில் சவரிமுத்து, வைரக்கண்ணு கண்டக்டராக இருந்த பஸ்ஸின் டிரைவர். கூட ஒருவர்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். வைரக்கண்ணுவின் கையில் அவளுடைய செருப்பு, தோளில் அவளுடைய கைப்பை, கக்கத்தில் எக்ஸ்ரே உறை, பல்லுக்கு நடுவே டோக்கன் சீட்டு. கை வீசி நின்றவர் சவரிமுத்து, அதனால் அவர் ஏறிக்கொண்டார். ஸ்கேன் எடுத்துவிட்டு இறங்கி வரப்போகிறார்கள், அதற்கு யார் போனால் என்ன. கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒரு சாண் இடைவெளி மிச்சமிருக்கும்போது மங்கை சிரித்தாள். புன்னகை இல்லை, சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, உள்ளங்கையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்க. சவரிமுத்துவும் சிரித்தார். கதவு மூடிவிட்டது. ஸ்கேன் மேசையில் படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று வந்து சொன்னார்கள். யார் மேலும் குற்றமில்லை. அவள் நெஞ்சு அப்படி, எப்போது வேண்டுமானாலும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை வைரக்கண்ணு ஏற்றுக்கொண்டுவிட்டார். ஏற்றுக்கொள்ள முடியாதது அந்தச் சிரிப்புதான். சவரிமுத்து அப்படி என்ன சொன்னார்? எதற்குச் சிரித்தாள்?

இதை இன்றைக்குக் கேட்டுவிடுவது என்றுதான் சனிக்கிழமை சாயங்காலம் அவர் கிளம்பி வந்தார். வழக்கமாகப் பழைய பஸ் டிப்போக்காரர்கள் நாலு பேரும் உட்காருவது சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பெஞ்சு போட்ட கடையில். அங்கே பஸ் இரைச்சலில் எதையும் தாழ்ந்த குரலில் கேட்க முடியாது, கத்திக் கேட்கிற விஷயமும் இல்லை இது. இன்றைக்கு லோகநாதன்தான் தில்லைநகரில் புதிதாகத் திறந்திருக்கிற காப்பிக் கடைக்குப் போகலாம் என்றான். டிப்போ ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக்கொடுத்தே ரிட்டையர் ஆனவன், புதுக் கடை எது திறந்தாலும் முதல் ஆளாக நுழைவான். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா என்று அவன் சொன்னபோது, நல்லது, அமைதியாக இருக்கும் என்று வைரக்கண்ணு நினைத்தார். அமைதியாகத்தான் இருந்தது, இவர்கள் உள்ளே போகும் வரைக்கும். பிச்சைரத்தினம் சோபாவில் உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே போனார், கடைசியில் முழங்கால் இரண்டும் முகவாய்க்கு நேராக வந்து நின்றன. "யோவ், தூக்குங்கய்யா, வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு" என்றார். டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், எத்தனையோ வண்டிகளை லேட் போட்டுத் திருப்பி அனுப்பியவர், இப்போது தன்னைத் தானே எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். லோகு அவர் கையைப் பிடித்து இழுக்க, அவனும் மேலே விழ, பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரிக்க, சவரிமுத்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இந்தச் சிரிப்பா அன்றைக்குச் சிரித்தது? இல்லை, அது வேறு. அது தொண்டையில் வந்த சிரிப்பு, இது வயிற்றில் வருகிறது. இப்படி ஒவ்வொரு சிரிப்பையும் எடுத்துப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே ஒரு வருஷம் போய்விட்டது.

ஒரு வருஷமாக ஏன் கேட்கவில்லை என்றால், முதலில் வெட்கம். பிணத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, அண்ணே என்ன ஜோக் சொன்னீங்க என்று யார் கேட்பார்கள். அதற்கப்புறம் ரூல் வந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை பெஞ்சுக்கு வந்த அன்றைக்கு யாரோ பழைய செக்கிங் இன்ஸ்பெக்டர் செத்துப்போனதைச் சொல்ல, வைரக்கண்ணு எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதுவிட்டார். அடுத்த சனிக்கிழமை பிச்சைரத்தினம் சட்டம் போட்டார். இந்த இடத்தில் நோய், மாத்திரை, சாவு, மருமகள் நாலும் பேசக் கூடாது. பேசினவன் எழுந்து நின்று, கண்டக்டர் மாதிரி ஒரு தடம் முழுக்க ஸ்டாப் பெயர் கூவ வேண்டும். எல்லோருக்கும் பிடித்துப்போனது. லோகு வேண்டுமென்றே தன் சர்க்கரையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து நின்று, ஸ்ரீரங்கத்துக்கு அடுத்து சென்னை என்று கூவுவான். தன்னைக் காப்பாற்றத்தான் இந்த ரூல் என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நல்ல மனசோடு வாயில் துணியை வைத்து அடைத்தால் துப்பவா முடியும்? மங்கை என்கிற பெயரை அந்தப் பெஞ்சில் அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை. அவளை எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொருவன் வீட்டு விசேஷத்திலும் அவள் பந்தியில் பரிமாறியிருக்கிறாள், ஆனால் அப்படி ஒருத்தி இருந்த மாதிரியே யாரும் காட்டிக்கொள்வதில்லை. வெட்கம், ரூல், இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவர் தனக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அவள் சிரித்தது தன்னைப் பார்த்தா என்கிற பயம்.

ஜெசிந்தா போன் பண்ணியிராவிட்டால் இன்னும் ஒரு வருஷம்கூடத் தள்ளியிருப்பார். ஜெசிந்தா சவரிமுத்துவின் மகள், ஓசூரில் இருக்கிறாள். "மாமா, அப்பா காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு டிப்போ வாசல்ல போய் நின்னிருக்காரு. என் வண்டி எங்கன்னு கேட்டாராம். மறதி ஜாஸ்தியாயிருச்சு, தனியா விடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாளைக்கு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம், சொன்னால் அடம் பிடிப்பார், வண்டியில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். போனை வைத்ததும் வைரக்கண்ணுவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. ஐயோ, அது போய்விடும் என்பதுதான் வந்தது. சவரிமுத்துவின் தலைக்குள் எங்கேயோ மங்கையின் அந்தச் சிரிப்பு, அதற்கு முன்னால் வந்த ஒரு சொல், உட்கார்ந்திருக்கிறது, பக்கத்துச் சீட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வருகிறது. அந்தப் பச்சைச் சட்டைக்காரனைத் தேடி அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். வேலையை விட்டுவிட்டான், எந்த ஊர்க்காரன் என்றுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் எதிர் சோபாவில் உட்கார்ந்து, காப்பியில் வரைந்திருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இவர்தான்.

காப்பி வந்து ரொம்ப நேரமாகிவிட்டது. பெரிய வாயுள்ள கப், அதற்குள் நுரை, நுரையில் ஒரு இலை. சவரிமுத்து குடிக்கமாட்டேன் என்றார், குடித்தால் இலை கலைந்துவிடுமாம். ஒரு குழந்தையிடம் சொல்வது மாதிரி லோகு கெஞ்சிப் பார்த்தான், பிறகு தன் கப்பிலிருந்த இலையைக் கலக்கிக் காட்டினான். பிச்சைரத்தினம் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு, இது காப்பி இல்லை, கஷாயத்துக்குப் பவுடர் போட்டிருக்கிறார்கள் என்றார். வைரக்கண்ணு, இப்போது கேட்கலாமா, என்று வாயெடுத்தார். அதற்குள் சவரிமுத்து ஆட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார். வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்றாவது தடவை. ஒரு அம்மா ஆட்டுக்குட்டியோடு பஸ்ஸில் ஏறினாள், கண்டக்டர் வைரம் ஆட்டுக்கும் டிக்கெட் எடு என்றான், அந்தம்மா ஆட்டின் தலையைத் தடவிக்கொடுத்து, இதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகல தம்பி, ஃப்ரீதான என்றாள். ஒரு வார்த்தை மாறாமல், அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் புருவத்தைத் தூக்கி. மற்ற இருவரும் முதல் தடவை மாதிரியே சிரித்தார்கள், அதைப் பார்க்க வைரக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கு இந்த நடிப்பு? அண்ணே, இதை இப்பத்தான் சொன்னீங்க என்று சொன்னால் என்ன? சொல்லக் கூடாது, அது நோய், ரூல். ஆட்டுக் கதையாக இருக்காது என்று அவர் எப்போதோ தள்ளிவிட்டார். மங்கையிடம் அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கடைசியில் ஆட்டுக்கு டிக்கெட் போட்டீங்களா இல்லையா என்று மட்டும் கேட்டாள். அவளைச் சிரிக்க வைக்க அவருக்குத் தெரியாது. நாள் முழுக்க பஸ்ஸில் கத்திவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் வாயே திறக்காது. சாப்பாடு, தண்ணி, லைட்ட அணை. மத்தியான ட்ரிப் முடிந்து அவர் வீட்டுக்கு வருகிற நாட்களில் அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும், அவளும் பக்கத்து வீட்டுப் பெண்களும். அவர் காக்கிச் சட்டை வாசலில் தெரிந்ததும் அது நின்றுவிடும். எதுக்குச் சிரிச்சீங்க என்று ஒரு நாள் கேட்டார். ஒண்ணுமில்ல என்றாள். வாழ்க்கை முழுவதும் அந்த ஒண்ணுமில்லவுக்கு இந்தப் பக்கம்தான் அவர் நின்றுகொண்டிருந்தார், கடைசியில் லிஃப்டுக்கும் இந்தப் பக்கம்.

சவரிமுத்து பாத்ரூம் போக வேண்டும் என்றதும் வைரக்கண்ணு சட்டென்று எழுந்து, நான் கூட்டிட்டுப் போறேன் என்றார். தனியாக இரண்டு பேர், ஒரு கதவு, கேட்க இதைவிட நல்ல இடம் ஏது. உள்ளே எல்லாம் கறுப்புக் கல், எது குழாய் எது கைப்பிடி என்று தெரியாத மாதிரி கட்டியிருந்தார்கள். அவர் காத்திருந்தார். சவரிமுத்து வெளியே வந்து கையை நனைத்தார். "அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றார் வைரக்கண்ணு. "கேளுடா" என்றார் அவர், முகம் தெளிவாக இருந்தது, எதையும் கேட்கலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் ஈரக் கையைச் சுவரிலிருந்த பெட்டிக்குக் கீழே கொண்டுபோக, அது ஊளையிட்டுக்கொண்டு காற்றை அடித்தது. சவரிமுத்து பயந்து பின்னால் போனார். அது நின்றது. கையை நீட்டினார், அடித்தது. எடுத்தார், நின்றது. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கையை நீட்டி, எடுத்து, நீட்டி, அதற்கேற்ற மாதிரி கால் மாற்றி, அண்ணே அண்ணே என்று வைரக்கண்ணு கூப்பிடுவது எதுவும் அந்தக் காற்றில் கேட்கவில்லை. "ஏர் பிரேக்கு நல்லாருக்குடா வைரம்" என்றார் கடைசியில் திரும்பி. இதற்கு என்ன செய்வது? அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கினால் உள்ளே மிச்சமிருப்பதும் உதிர்ந்துவிடுமோ என்றும் இருந்தது. கையைத் துடைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தால் மேசையில் கேக். நடுவில் மெழுகுவர்த்தி. கடைப் பிள்ளைகள் நாலு பேர் சுற்றி நின்றார்கள், ஒரு பெண் சவரிமுத்துவின் தலையில் தங்கக் கலர் அட்டைக் கிரீடத்தை வைத்தாள். பிறந்தநாள் என்று சொன்னால் இங்கே கேக் இலவசம், லோகு சொல்லியிருக்கிறான். இன்றைக்குச் சவரிமுத்துவுக்குப் பிறந்தநாளும் இல்லை ஒன்றும் இல்லை. கை தட்டிப் பாட்டுப் பாடினார்கள், பக்கத்து மேசைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், சவரிமுத்து எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குத் தன் பிறந்தநாள் என்று நம்பிக்கை வந்துவிட்டது. ஜெசிந்தா வரலையா என்று கேட்டார். பிச்சைரத்தினம் ஒரு துண்டு கேக்கை அவர் வாயில் ஊட்டினார், ஊட்டியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் வைரக்கண்ணுவுக்குப் புரிந்தது. இவர்களுக்கும் ஜெசிந்தா போன் பண்ணியிருக்கிறாள். புதுக் கடை, சோபா, கேக், எல்லாம் வழியனுப்பத்தான். ஆனால் வழியனுப்புகிறோம் என்று சொல்லக் கூடாது, சொன்னால் நோயைப் பேச வேண்டும், அதனால் பிறந்தநாள். ஒருத்தன் கையைப் பிடித்து, போய்ட்டு வாண்ணே, எங்களையெல்லாம் மறந்துருவ, பரவாயில்ல என்று சொல்லத் தைரியமில்லாத மூன்று கிழவர்கள் ஒரு அட்டைக் கிரீடத்தை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறோம். என்னையும் இப்படித்தானே ஒரு வருஷமாக வைத்திருந்தார்கள், என்று நினைத்தபோது அவருக்குக் காது சூடானது. தலையில் கிரீடம் ஒன்றுதான் இல்லை. லோகு போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான், வைரம் கொஞ்சம் சிரிய்யா என்றான், சவரிமுத்து கேக் ஒட்டிய வாயோடு ஒரு அம்மா ஆட்டுக்குட்டியோட பஸ்ஸுல ஏறுச்சு என்று மறுபடி தொடங்கினார், தொடங்கியதுமே மற்ற இருவரும் சிரிப்பைத் தயார் பண்ணிக்கொண்டார்கள். வைரக்கண்ணு தன் குரலைத் தானே கேட்டார்.

"அண்ணே, மங்கைய லிஃப்டுல கூட்டிட்டுப் போனீங்களே, அப்ப அவகிட்ட என்ன சொன்னீங்க?" சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், மெழுகுவர்த்தியை எடுக்க வந்த பெண் கையை இழுத்துக்கொண்டாள். லோகுவின் போன் அப்படியே நின்றது. பிச்சைரத்தினம் அவரைப் பார்த்த பார்வையில், வேண்டாமடா, இன்றைக்கு வேண்டாம் என்று இருந்தது. சவரிமுத்து கண்ணைச் சிமிட்டினார், எந்த மங்கை, எந்த லிஃப்ட் என்பது போல. பிறகு பிச்சைரத்தினம் மேசையைத் தட்டி, ரூல உடைச்சிட்டான், எந்திரி எந்திரி, தடத்தச் சொல்லு என்றார், குரலில் வலிய வரவழைத்த கும்மாளம். லோகு பிடித்துக்கொண்டான், தடம் தடம் என்று. பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாவிட்டாலும் கை தட்டினார்கள். எழுந்து வெளியே போய்விடலாம் என்று வைரக்கண்ணு எழுந்தார். எழுந்தவர் நின்றார், கோபத்தில் வேறு எதுவும் வராமல், வாய் தானாகக் கூவியது. ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம், ஏறு ஏறு, ராஜகோபுரம், திருவானைக்கோயில், மாம்பழச்சாலை, அண்ணா சிலை.

"ஓடத்துறை" என்றார் சவரிமுத்து. எல்லோரும் திரும்பினார்கள். "அண்ணா சிலைக்கு முன்னால ஓடத்துறை. ஆள் நிக்கிது, பாக்காம விசில் அடிக்கிற" என்றார். கண்டிப்பான குரல், இந்த ஆறேழு மாதத்தில் யாரும் கேட்காத குரல். அட்டைக் கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது, கண் நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தது, மேசைக்கு அடியில் வலது கால் பிரேக் மிதிப்பது போலக் கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இந்த மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை. எத்தனை வருஷம், முன்னால் அவர், பின்னால் வைரக்கண்ணு, நடுவில் கூட்டம். இவர் குரல் கொடுத்த இடத்தில் வண்டி நிற்கும், குரல் கொடுத்தால் நகரும், ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. வைரக்கண்ணு மெதுவாக, ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே சரியான இடைவெளி விட்டு, ஓடத்துறை எறங்கு, போலாம் ரைட் என்றார். கால் பிரேக்கை விட்டது. அண்ணா சிலை. சத்திரம், சத்திரம் எறங்கறவங்கல்லாம் எறங்கு, ரைட். மெயின்கார்டு கேட். தென்னூர். பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள், லோகு போனை மடியில் வைத்துவிட்டான். தில்லைநகர். அடுத்தது என்ன சொல்லப் போகிறோம் என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியும், தப்பான தடம், இந்த வண்டி அங்கே போகாது, போகாத தடத்தில் கொண்டுபோனால் இவர் நிறுத்திவிடுவாரோ. "ஆஸ்பத்திரி ஸ்டாப்" என்றார். கால் அழுத்தியது. "மங்கை எறங்கணும்ணே" என்றார். "மெல்ல எறக்கு, தங்கச்சிக்கு மூச்சு வாங்குது" என்றார் சவரிமுத்து.

மங்கையை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்படியென்றால் அங்கே வந்துவிட்டார், அந்த வாசலில் நிற்கிறார். வைரக்கண்ணு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரல் மாறக் கூடாது, ஸ்டாப் சொல்கிற குரலிலேயே போக வேண்டும். ஆஸ்பத்திரி வாசல், என்றார். டோக்கன் கவுண்டரு. நாற்காலி. லிஃப்டு. "யாரு யாரு ஏறினாண்ணே?" "நானு, தங்கச்சி, தள்ளிட்டு வந்த பையன். ஒருத்தருதான் வரலாம்னுட்டானே, நீ வெளிய" என்றார். "கதவு மூடுது. நீங்க அவகிட்ட என்னமோ சொன்னீங்க." "நான் எங்கடா சொன்னேன்" என்றார் சவரிமுத்து, "தங்கச்சிதான சொல்லுச்சு." ஒரு வருஷம். ஒரு வருஷமாக இவர் சொன்ன ஜோக்கையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தது வீண். அவளா? ஜோக் சொல்லத் தெரிந்தவளா அவள்? "என்னண்ணே சொன்னா?" "உன்னையப் பத்தித்தான். நீ கையில செருப்பும் பல்லுல சீட்டுமா நின்னுக்கிட்டிருந்ததப் பாத்துட்டு, அண்ணே, பாருங்க இவர, அப்டின்னுச்சு" என்றவர் மேலே சொல்ல முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். தலை பின்னால் சாய்ந்தது, உள்ளங்கை வாயைப் பொத்தியது, தோள் குலுங்கியது. அவர் சிரிப்பே இல்லை அது. அவள் சிரித்ததை அப்படியே எடுத்து இவர் உடம்பில் மாட்டியது போல இருந்தது. "பாருங்க இவர... அப்புறம் என்னண்ணே?" சவரிமுத்து கையை எடுத்தார், உதடு அசைந்தது, ஏதோ ஒரு சொல்லின் முதல் எழுத்துக்கு வாய் குவிந்தது.

பிச்சைரத்தினம் கை தட்டினார். பாம் பாம் என்று வாயால் ஹாரன் அடித்தார். டைம் ஆச்சு டைம் ஆச்சு, வண்டிய எடு, பின்னால வண்டி நிக்கிது என்றார் உரக்க. வைரக்கண்ணுவின் கண் நிறைவதை அவர் பார்த்துவிட்டார், பார்த்தவருக்குப் போன வருஷம் பெஞ்சில் உடைந்து அழுத ஆள்தான் தெரிந்திருப்பான், காப்பாற்றிவிட்டார். லோகுவும் ஹாரன் அடித்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள், ஒருவன் விசில்கூட அடித்தான். சவரிமுத்து சுற்றிலும் பார்த்தார், கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தார், முகத்தில் பிறந்தநாள் திரும்பி வந்தது. ஒரு அம்மா ஆட்டுக்குட்டியோட, என்று தொடங்கினார். வைரக்கண்ணு உட்கார்ந்தார், சோபா அவரையும் உள்ளே வாங்கிக்கொண்டது. பிச்சைரத்தினம் அவர் பக்கம் சாய்ந்து, "உனக்குத் தாங்காதுன்னுதான்டா" என்றார் தாழ்ந்த குரலில். "எனக்குத் தாங்காதுன்னு உனக்கு யாரு சொன்னா" என்றார் வைரக்கண்ணு, அவரும் தாழ்ந்த குரலில்தான். "அவ பேர யாராவது சொல்லமாட்டீங்களான்னுதான் வாரா வாரம் வந்துட்டிருந்தேன்." பிச்சைரத்தினத்தின் மேல் உதட்டில் இன்னும் நுரை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் அவர் தன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு பஸ்ஸில் ஏறியது, வைரம் டிக்கெட் கேட்டான், அந்தம்மா பதில் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், புரியலையா என்றார். வைரக்கண்ணு கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார், பாருங்க இவரன்னு மங்கை சொன்னாளேண்ணே, அதுக்கப்புறம்? "எவர?" என்றார் சவரிமுத்து.

வெளியே புழுக்கமாக இருந்தது. லோகு ஆட்டோ பிடித்தான், சவரிமுத்து டிரைவர் சீட்டுப் பக்கம் போகப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பின்னால் ஏற்றினார்கள். நாளைக்கு எப்ப வண்டிண்ணே என்று பிச்சைரத்தினம் கேட்டார், ரூலை மறந்து. எந்த வண்டி என்று அவர் கேட்டார். ஓசூருக்கு, ஜெசிந்தா வீட்டுக்குப் போறீங்கண்ணே, எங்களுக்கு இனிமே சனிக்கிழமை நீங்க இருக்கமாட்டீங்க என்றார் பிச்சைரத்தினம், சொல்லிவிட்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரிமுத்து அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆட்டோ போனது. வைரக்கண்ணு உறையூர் வீடு வரைக்கும் நடந்தே போகலாம் என்று நடந்தார். பாருங்க இவர. எந்தக் குரலில் சொன்னாள்? அடுப்படியில் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்கிற குரலிலா, இல்லை, புதுச் சட்டை போட்டு நிற்கும்போது பட்டன் மாறியிருந்தால் கிட்டே வந்து சரிபண்ணிக்கொண்டே சொல்லுவாளே, அந்தக் குரலிலா? சவரிமுத்து சிரித்துக்கொண்டே சொன்னதால் குரல் தெரியவில்லை. பாருங்க என்பதை அழுத்திச் சொன்னால் ஒன்று, இவர என்பதை இழுத்துச் சொன்னால் இன்னொன்று. அவர் இரண்டு விதமாகவும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார், எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். அண்ணே, பாருங்க இவர. அவள் சொன்னதில் கிடைத்தது இந்த மூன்று வார்த்தைதான்.